திருப்பிப் போட்ட கோட்டு

"கோட்டு உள்பக்கம் வெளியே இருக்கு. கவனிச்சீங்களா?" என்று கேட்டாள் டாம்சின்.

டென்ஸில் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். கறுப்பு உள்துணியும் தையலும் பளிச்சென்று தெரிந்தன.

"தெரியும்மா. பனியில குறளிப் பேய் வழி மறிச்சா கோட்டைத் திருப்பிப் போடணுமாமே? எதுக்கு வம்புன்னு வீட்டுலயே போட்டுட்டு வந்துட்டேன்."

டாம்சினுக்குப் பதிமூன்று வயது. அவள் தன் தங்கை மெர்ரினைப் பார்த்தாள். மெர்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள். இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுவெளியில் வழி தவறினால் கோட்டைத் திருப்பிப் போடுவது எல்லாரும் அறிந்த வழக்கம்தான். காரை விட்டு இறங்கும்போதே அப்படி வந்து நின்ற மனிதரை அவர்கள் இப்போதுதான் பார்க்கிறார்கள். அம்மா ஹிலரி, பூட்ஸ் கயிற்றை இறுக்குகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஹிலரிக்கு டென்ஸிலை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அவள் ஒருத்திக்குப் பிடித்தால் போதாது. அந்த வீட்டுச் சட்டம் அப்படி. அம்மாவைக் கல்யாணம் செய்துகொள்ள நினைப்பவர் இவர்களோடு ஒரு நாள் மேட்டுவெளியில் நடந்து, கூடாரத்தில் தங்க வேண்டும். பெண்கள் இருவரும் தலையாட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு.

போன கோடையில் கிளைவ் என்று ஒருவர் வந்தார். கழுத்தில் திசைகாட்டி. பாறைக்குப் பாறை பிரசங்கம். ஹிலரியின் கையிலிருந்த வரைபடத்தைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பெண்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். கதை அத்தோடு முடிந்தது.

அதனால் ஹிலரி இன்று காலையிலிருந்து பெண்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் இவரையும் வேண்டாம் என்றுவிட்டால் அவள் தாங்கமாட்டாள்.

டென்ஸிலோ எதையும் தெரிந்துகொண்டு வந்ததாகத் தெரியவில்லை. பச்சைப்பசேலென்று ஓர் இடத்தைக் கண்டதும், அங்கே உட்கார்ந்து சாப்பிடலாமா என்று கேட்டார். மெர்ரின் அவர் கையைப் பிடித்து இழுத்து, அது புல்வெளியில்லை, சதுப்பு, உட்கார்ந்தால் இடுப்புவரை போய்விடும் என்று விளக்கினாள். அவர் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். காட்டுக் குதிரைக் குட்டி அழகாக இருக்கிறதே என்று அவர் ரசித்துக்கொண்டிருந்தபோது, தாய்க்குதிரை பின்னாலிருந்து வந்து அவர் கையிலிருந்த பாஸ்டி பலகாரத்தில் பாதியைக் கடித்துக்கொண்டு போனது. இறைச்சியும் உருளைக்கிழங்குமாகத் தரையில் சிந்தியதைப் பார்த்து நால்வரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டாம்சின் தன்னுடையதில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினாள்.

ஹிலரிக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

சாயங்காலம் கூடாரம் அடிக்க ஓடைக்கரையைத் தேடிப் போகும்போது மூடுபனி இறங்கியது. நாலு எட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வரைபடம் டாம்சின் கையில். எல்லாரும் அவள் பின்னால் நடந்தார்கள். வளைந்து நின்ற ஒரு முள்மரத்தைக் கடந்தார்கள். வெகுநேரம் நடந்த பிறகு அதே போல ஒரு முள்மரம். டென்ஸில் அதை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பேசாமல் நடந்தார்.

டாம்சின் நின்றாள். "எனக்கு வழி தெரியல" என்றாள் மெல்ல.

மெர்ரின் கண்ணைக் கசக்கிக்கொண்டு தேம்பத் தொடங்கினாள். ஹிலரி அவளை அணைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் கோட்டைத் திருப்புங்க" என்றாள் டாம்சின். மூவரும் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். டென்ஸில் மட்டும் அசையவில்லை.

"நீங்களும்தான்."

"நான்தான் காலையிலேயே திருப்பிட்டேனே."

"அப்ப நேரா போடுங்க. அதுவும் திருப்புறதுதானே?"

டென்ஸில் ஹிலரியைப் பார்த்தார். மெர்ரினின் தேம்பல் பெரிதானது. அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. கோட்டைக் கழற்றி, உதறி, நேராகப் போட்டுக்கொண்டார்.

செக்கச்செவேலென்ற கோட்டு. முதுகில் கொட்டை எழுத்தில் 'மேட்டுவெளி மீட்புக் குழு' என்றும், அதன் கீழே 'தலைவர்' என்றும் எழுதியிருந்தது.

"அழாதே கண்ணு. நான் கூட்டிட்டுப் போறேன்" என்று மெர்ரினின் தலையைத் தடவியவர், டாம்சினிடம் திரும்பினார். "மன்னிச்சிடும்மா. உங்க அம்மா ஒரு வாரமா கெஞ்சினா. எல்லாம் தெரிஞ்சவர்னு காட்டிக்காதீங்க, கிளைவை அனுப்பின மாதிரி அனுப்பிடுவாங்கன்னு. நான் பொய் வேஷம் போட்டது தப்புதான். நீ வேணாம்னு சொன்னா எனக்குப் புரியும்."

ஹிலரி தரையைப் பார்த்தபடி நின்றாள். எல்லாம் போயிற்று என்றே நினைத்தாள்.

மெர்ரினின் தேம்பல் சட்டென்று நின்றது. "அக்கா, நான் அழுதது நல்லா இருந்துச்சா?" என்றாள்.

"சுமார்தான்" என்றாள் டாம்சின். பிறகு டென்ஸிலைப் பார்த்துச் சொன்னாள்: "ஓடை அந்தப் பாறைக்குப் பின்னாடிதான் இருக்கு. முள்மரத்தை வேணும்னேதான் ரெண்டு தடவை சுத்தி வந்தோம். போன வருஷம் இதே சிவப்புக் கோட்டோட எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து, பனியில மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்னு சொல்லிக்கொடுத்தீங்க. காலையில காரை விட்டு இறங்கினப்பவே உங்களை எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. எல்லாம் தெரிஞ்ச ஒருத்தரு எவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு எங்க பின்னாடி வருவாருன்னுதான் பாத்தோம்... அம்மா, இவரு நம்மகூடவே இருக்கட்டும்."