அம்மாவுக்குச் சொல்லாத புலமைப்பரிசில்

“புலமைப்பரிசில் வேண்டுமா, வேண்டாமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் போகாவிட்டால் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். உன் அம்மாவிடம் கேள்!”

வகுப்பாசிரியை லிண்ட்னர் ஜேர்மன் மொழியில் பொரிந்து தள்ளினார். சுஜானிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் அம்மா குமுதினி கைப்பையை மடியில் வைத்தபடி, வழக்கமான சிரிப்போடு இருந்தாள்.

“என்னவாம் பிள்ளை?”

“நான் நல்லாப் படிக்கிறனாம் அம்மா. இஞ்சை டுசல்டோர்ஃப் யூனிவர்சிற்றியிலையே சேரட்டாம்.”

பச்சைப் பொய்.

எண்பத்தெட்டில், ஒன்பது வயதில் அகதியாக வந்து இறங்கிய நாளிலிருந்து அம்மாவுக்கு வாய் சுஜானிதான். டொக்டரிடம், அரசாங்க அலுவலகமான அகதிகள் கந்தோரில், வீட்டுக்காரரிடம், எங்கே போனாலும் அம்மா தமிழில் சொல்ல இவள் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொல்லவேண்டும். அப்பாவும் இல்லாத வீடு. இவளும் போய்விட்டால்?

புலமைப்பரிசில் கொடுத்த பல்கலைக்கழகமோ தெற்கே, ரயிலில் அரைநாள் தூரம். நாடு முழுவதிலுமிருந்து விண்ணப்பித்த கெட்டிக்காரப் பிள்ளைகளில் மூன்றே பேரைத்தான் எடுத்திருந்தார்கள். படிக்கும் காலம் முழுக்கச் செலவு அவர்களுடையது. நேர்முகத் தேர்வுக்குப் போனதையே பள்ளிக்கூடச் சுற்றுலா என்று வீட்டில் சொல்லியிருந்தாள் சுஜானி. எப்படியும் கிடைக்காது என்ற தைரியத்தில் போனவள். கிடைத்துத் தொலைத்துவிட்டது.

“அம்மா என்ன சொல்கிறார்?” லிண்ட்னர் பேனாவால் மேசையைத் தட்டினார்.

“அவ்வளவு தூரம் அனுப்பமாட்டாராம்.” சுஜானி ஜேர்மன் மொழியில் சொன்னாள். பாவம், அம்மாவின் தலையில் பழியைப் போட்டாயிற்று.

ஆசிரியையின் முகம் சிவந்தது. குமுதினியைப் பார்த்தே கத்தினார்.

“எனக்குத் தெரியும்! பெண்பிள்ளை என்றால் சமையலறையில் பூட்டி வைப்பீர்கள். இந்த நாட்டுக்கு வந்தும் திருந்தவில்லையே! பெற்ற மகளின் வாழ்க்கையையே கெடுக்கிறீர்கள். நீங்களும் ஒரு தாயா?”

சுஜானிக்குக் கண் கலங்கியது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இப்ப என்னவாம்?” என்றாள் குமுதினி.

“என்னை நல்லா வளத்திருக்கிறியளாம் அம்மா.”

குமுதினி மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆசிரியையின் பக்கம் திரும்பினாள்.

“அவள் போவாள்,” என்றாள். ஜேர்மன் மொழியில்!

“இந்த விஷயமே எனக்கு இப்போதுதான் தெரியும். என்னைத் தனியே விட மனமில்லாமல் மறைத்துவிட்டாள். சம்மதம் என்று இன்றைக்கே அறிவித்துவிடுங்கள்.”

இலக்கணம் அங்கங்கே உதைத்தது. ஆனாலும் ஆசிரியைக்கு எல்லாமே விளங்கிவிட்டது. “மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று முணுமுணுத்துவிட்டு, தொலைபேசியைத் தேடி அவசரமாக வெளியே போனார்.

சுஜானி அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“அம்மா! உங்களுக்கு எப்ப தொடக்கம் டொச் தெரியும்?”

“கன வருசமாச்சு. வேலை செய்யிற முதியோர் இல்லத்திலை வயசு போன ஆக்கள் கதைச்சுக் கதைச்சே பழக்கிப்போட்டினம்.”

“பிறகேன் எனக்குச் சொல்லேல்லை? எல்லா இடத்துக்கும் என்னை இழுத்துக்கொண்டு திரிஞ்சியளே!”

சுஜானிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. குமுதினி அவளுடைய கையைப் பிடித்தாள்.

“அண்டைக்கு அகதிகள் கந்தோரிலை ஒரு மனுசன் என்னைக் கண்டபடி ஏசேக்கை, ‘உங்களைச் சுகமோ எண்டு கேக்கிறார் அம்மா’ எண்டு சொன்னனியெல்லே... அவன் ஏசினது முழுக்க எனக்கு விளங்கினது எண்டு தெரிஞ்சால், நீ தாங்கியிருப்பியோ பிள்ளை?”