மூன்றாவது கவிதை

"போன தடவை விதை. இந்தத் தடவை பட்டாம்பூச்சி. இதுல நீங்க எங்க இருக்கீங்க, மாணவர் மான்ஷிக்?"

சூரின் டீச்சர் சிவப்புப் பேனாவால் மேஜையைத் தட்டினார். மான்ஷிக் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். முப்பது வருஷம் சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டிய மனுஷன், ஒரு பேனாவுக்குப் பயந்தார்.

'மாற்றமும் வளர்ச்சியும்' என்ற தலைப்பில், ஒரு கவிதையைத் தேர்ந்தெடுத்து, தன் வாழ்க்கையோடு சேர்த்து விளக்க வேண்டும். தேறினால்தான் சான்றிதழ். அறுபத்துநாலு வயசில், சனிக்கிழமை தவறாமல் கடைக்கு லீவு விட்டு, நாலு வருஷம் இந்த முதியோர் பள்ளிக்கு வந்தது அந்த ஒரு காகிதத்துக்காகத்தான். மூன்று வாய்ப்பில் இரண்டு போயே போச்சு.

"என்ன அண்ணே, பட்டாம்பூச்சியும் பறந்துடுச்சா?" என்று சிரித்தபடி கிளம்பினாள் மீன் விற்கும் ஓக்ஜா. அவள் போன வாரமே தேறிவிட்ட திமிர்.

டீச்சர் கண்டிப்புக்குப் பேர் போனவர். அவரும் மான்ஷிக்கும் ஒரே பஸ்ஸில்தான் வந்து இறங்குவார்கள். ஆனாலும் மான்ஷிக் பத்தடி பின்னால்தான் நடப்பார்; பள்ளி வாசல் தாண்டினால் 'டீச்சர்' என்று மட்டும்தான் கூப்பிடுவார். வாத்தியாரின் நிழலைக்கூட மிதிக்கக் கூடாது என்பது அவர் பிறந்த குன்சான் ஊர்க்காரர்களுக்குச் சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்தது.

"இன்னொண்ணு வச்சிருக்கேன் டீச்சர்" என்றார் தயங்கி. "வெக்கமா இருந்துச்சு, அதான் எடுக்கல."

"இது கடைசி வாய்ப்பு. தெரியுமில்ல?"

"தெரியும்."

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்று வந்தது. தானே பார்த்து எழுதியது. எழுத்தெல்லாம் மழையில் நனைந்த கோழி மாதிரி ஒடுங்கிக் கிடந்தது.

"நீங்களே படிங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நான் புத்தகம் திறந்தால்
அப்பா கண்ணை மூடுவார்.
நான் புத்தகம் மூடினால்
அப்பா கண்ணைத் திறப்பார்.
அப்பாவின் ஸ்விட்ச்
என் புத்தகத்தில் இருக்கிறது."

டீச்சர் காகிதத்தையே பார்த்தார். மான்ஷிக்குக்கு வாய் தானாக ஓடியது.

"எட்டு வயசுப் பிள்ளை எழுதினது டீச்சர். பரிசு வாங்கிச்சு. கண்ணாடிச் சட்டம் போட்டு, இருபது வருஷமா கடைச் சுவத்துல மாட்டி வச்சிருக்கேன். துணி போட வர்றவங்களையெல்லாம் இழுத்துப் பிடிச்சு 'படிங்க, படிங்க'ன்னுவேன். அவங்களும் படிச்சுட்டு, 'இப்பவும் நல்லா தூக்கம் வருதா?'ன்னு கேப்பாங்க. நானும் மடையன் மாதிரி, 'படுத்தா போதுங்க, கட்டைதான்!'னு பெருமையா சொல்லுவேன். ஊரே சிரிச்சிருக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சதே இங்க படிக்க வந்தப்புறம்தான்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இதுக்கும் மாற்றம், வளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?"

"அதுல தூங்கறவன் நான்தானே! அதுவும் தூங்கலை, நடிச்சேன். பிள்ளை கதை படிக்கச் சொல்லிப் புத்தகத்தை நீட்டும். எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? குறட்டை விட்டுத் தப்பிச்சேன். இப்ப புத்தகத்தைத் திறந்தா கண்ணைத் திறந்து வச்சிருக்கேன் டீச்சர். இதைவிடப் பெரிய வளர்ச்சி என் வாழ்க்கையில நடக்கல. அந்தப் பிள்ளையை ஏமாத்தினதுதான் மனசு ஆறல."

பேனாவை எடுத்தார் டீச்சர். காகிதத்தின் மேல் கொண்டுபோனார். மறுபடி கீழே வைத்துவிட்டார்.

"என்னால முடியாது."

மான்ஷிக் காகிதத்தை எடுத்து மடித்தார். நாலு வருஷம் போச்சு. தலையெழுத்து!

"இதுவும் ஃபெயிலா டீச்சர்?"

டீச்சர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இரண்டு கண்ணும் நிறைந்திருந்தன.

"நான் எழுதின கவிதைக்கு நானே எப்படி மார்க் போடுவேன், அப்பா?"