மருமகளுக்கு ஒரு கீபோர்டு

"இது வேணாம். சாவி ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி இருக்கு. வேற எடுங்க" என்றாள் அம்மா.

கடைக்காரர் முகத்தில் வரவேற்ற சிரிப்பு தேய்ந்துகொண்டே வந்தது. மேசை முழுக்கக் கீபோர்டுகள் இறைந்து கிடந்தன. அம்மா ஒவ்வொன்றின் மேலும் இரண்டு கைகளையும் வைத்துத் தட்டுவதும், உதட்டைப் பிதுக்குவதும், தள்ளிவிடுவதுமாக இருந்தாள். செருப்பு வாங்கப் போனாலும் இதே கூத்துதான். கூட வந்த மகன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான்.

"யாருக்கும்மா இது?" என்று கேட்டார் கடைக்காரர்.

"என் மருமகளுக்கு. டைப் அடிச்சு அடிச்சு மணிக்கட்டு வீங்கிப் போச்சு. கைக்குப் பட்டை போட்டிருக்கா."

"அவங்களே வந்து பாத்தா நல்லதாச்சே?"

"அவ கையும் என் கையும் ஒரே அளவுதான். நீங்க எடுங்க."

மகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்கு ஓய்வு கொடுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். இங்கே என்னடாவென்றால், அந்தக் கையை மறுபடி வேலையில் பூட்ட ஏற்பாடு நடக்கிறது!

அவன் மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. டிவி தொடர்கள் ஒளிபரப்பாகும் முன்பே அவளிடம் வந்துவிடும். காது கேளாதவர்கள் படித்துப் புரிந்துகொள்வதற்காக, பேசுவது, அழுவது, கதவு சாத்துவது எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுத்தில் அடித்து அனுப்ப வேண்டும். காலையில் வருவது மாலைக்குள் போயாக வேண்டும். தாமதமானால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். போனால் போனதுதான்.

அம்மாவோ சரியான தொடர் பைத்தியம். ஊருக்கெல்லாம் நாளைக்குத் தெரியப்போகிற கதை தனக்கு இன்றைக்கே தெரிவதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமைக்காகத்தான் மருமகளைப் போட்டு வாட்டுகிறாள் என்பதில் மகனுக்குச் சந்தேகமே இல்லை.

"அம்மா, அவ கொஞ்ச நாளைக்கு வேலையை விட்டுடட்டுமே" என்றான்.

"விடறதா? நான் இருக்கிற வரைக்கும் அது நடக்காது."

"வலிக்குதும்மா அவளுக்கு!"

"கல்யாணத்துக்கு முன்னாடி நானும்தான் ஆபீஸ்ல டைப் அடிச்சேன். எனக்கு யாரு இப்படிக் கடை கடையா ஏறி வாங்கிக் குடுத்தா? பேசாம நில்லு."

அவன் மேசையில் இறைந்து கிடந்த கீபோர்டுகளை ஒரு பக்கமாக அடுக்கத் தொடங்கினான்.

கடைசியாகக் கடைக்காரர் உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். எழுத்துகள் நடுவில் இரண்டாகப் பிரிந்து, கூரை போலச் சரிந்து, மணிக்கட்டை வைத்துக்கொள்ள மெத்தையோடு இருந்தது. அம்மா கையை வைத்தாள். முதல் தடவையாக உதடு பிதுங்கவில்லை.

"ஓரத்துல இருக்கிற இந்தச் சாவிங்க எதுக்கு?"

"அடிக்கடி செய்யற வேலையை அதுல வச்சுக்கலாம்மா. ஒரே தட்டு, முடிஞ்சுது."

"அப்போ படத்தை நிறுத்த ஒண்ணு, கொஞ்சம் பின்னாடி ஓட்ட ஒண்ணு, அழுகைக்கு ஒண்ணு வச்சுக் குடுங்க."

"அழுகைக்கா?"

"'விம்மி அழுகிறாள்'னு எத்தனை தடவைதான் அடிக்கறது? அந்த சீரியல் வீட்டுல யாரும் சிரிக்கறதே இல்லையே!"

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். 'மாமியார் கொடுமைக்கும் ஒண்ணு வச்சுட வேண்டியதுதானே' என்று மகன் மனதுக்குள் முணுமுணுத்தான்.

புதுக் கீபோர்டு வீட்டுக்கு வந்தது. வேலையும் நிற்காமல் நடந்தது. "எப்படி இருக்கு?" என்று மனைவியைக் கேட்டால், "நல்லா இருக்குங்க. அத்தை எல்லாம் பாத்துக்கறாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், பயந்து கிடக்கிறாள் என்று அவன் நினைத்தான்.

ஒரு நாள் காலை, கீழ் வீட்டுக்காரர் படியில் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. நீங்க ஆபீஸ் கிளம்பினதும் உங்க ஜன்னல் வழியா ஆரம்பிக்கற டக்டக் சத்தம் சாயங்காலம் வரைக்கும் ஓய மாட்டேங்குது. அந்தப் பொண்ணுக்குக் கை சரியில்லைன்னு சொன்னீங்களே? நடுநடுவுல உங்க அம்மா வேற, 'அசையாதே, எழுந்திரிச்சே தெரியும் சேதி'ன்னு அதட்டறாங்க."

அவனுக்கு ஆபீஸில் வேலையே ஓடவில்லை. மதியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினான். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும். 'உனக்கு அவ வேணுமா, சீரியல் வேணுமா?' என்று பஸ்ஸில் வரும்போதே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பெற்ற தாயிடம் கேட்கிற கேள்வியா இது என்றும் தோன்றியது. ஆனாலும் கேட்டே தீருவது என்று முடிவு செய்துவிட்டான்.

தன்னிடம் இருந்த சாவியால் வாசல் கதவைத் திறந்தான். உள்ளறையிலிருந்து டக்டக் சத்தம் மழை மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. கோபம் தலைக்கேற, அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

ஜன்னலோரக் கட்டிலில், பட்டை போட்ட கையைத் தலையணை மேல் வைத்தபடி மனைவி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கீபோர்டின் முன்னால் ஹெட்போனும் மூக்குக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்த அம்மா, "கத்திடாதேடா, இப்பத்தான் கண்ணசந்தா, அவ கை சரியாகற வரைக்கும் இந்த வேலையை நான் வேற யாருக்கும் விட மாட்டேன்" என்று கிசுகிசுத்துவிட்டு, அடுத்த வரியை அடிக்கத் தொடங்கினாள்.