புதுப் பட்டர்

புதுப் பட்டர் பட்டதில் மாமியின் தயிர்ச்சட்டி இரண்டாகப் பிளந்தது. எறிந்தவன் ஸஹீத். அவன் குறி வைத்தது தென்னைமரத்துக்கு. சட்டி இருந்தது அதற்கு மூன்று முழம் வலப்பக்கம், குசினிப் படியில்.

"என்னகா அது சத்தம்?" மாமி உள்ளேயிருந்து மகளிடம் கேட்டார்.

"இவர்ர புதுப் பட்டர் உம்மா," என்றாள் றாஹிலா.

"சட்டி உடையுற அளவுக்குக் கட்டியா? வெயில்ல கொஞ்சம் வைக்கச் சொல்லு புள்ள, இளகும்."

பாணுக்குப் பூசுகிற பட்டர் இல்லை இது. சோற்றுப் பீங்கான் அளவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. கம்பத்தில் தொங்கும் சங்கிலிகளுக்குள் தட்டை எறிந்து விழுத்தும் டிஸ்க் கோல்ஃப் விளையாட்டில், கிட்ட நின்று கடைசியாக எறிவதற்கென்றே உள்ளது.

அபுதாபியில் வேலை செய்த காலத்தில் ஸஹீத் பிடித்துக்கொண்டு வந்த பைத்தியம் அது. ஊருக்குத் திரும்பியதும் பழைய சைக்கிள் சங்கிலிகளைச் சேர்த்துக் கடற்கரையில் ஒன்பது கம்பமும், பழகுவதற்கென்று வீட்டு முற்றத்தில் ஒரு கம்பமும் நட்டான். மருதமுனையில் சைக்கிள் சங்கிலிக்கா பஞ்சம்?

மாமி மருமகனோடு நேரே கதைப்பதில்லை. கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த ஏழு வருசத்தில் அவனுக்கான சொல்லெல்லாம் றாஹிலா வழியாகவே வந்தது. அவள் வீட்டில் இல்லாவிட்டால், ஆட்டைப் பார்த்துச் சொல்லப்பட்டது.

சட்டி உடைந்ததற்கு ஆட்டுக்குத்தான் அன்று முழுக்க ஏச்சு.

ஸஹீதுக்கு ஏச்சைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. போன போட்டியில் நாலடி தூரத்தில் நின்று எறிந்ததைக் கோட்டைவிட்டு, நற்பிட்டிமுனை பிரசாந்தின் கோஷ்டிக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுத்திருந்தான். அவனுடைய சோடி றாஹிலாவின் தம்பி அஸ்கி.

"மச்சான், அடுத்த மேச்சில உங்கள இறக்குறதா இல்லையா எண்டு யோசிக்கிறன்," என்று அன்றைக்கே சொல்லியிருந்தான் அஸ்கி. "வேற ஆள் ஒண்டு கைவசம் இருக்கு."

"ஆருடா?"

"நல்ல ஆள்."

அதற்குமேல் அவன் வாயைத் திறக்கவில்லை. றாஹிலாவிடம் கேட்டால், "எனக்கென்ன தெரியும் மச்சான், ஆம்பிளைகள்ர விளையாட்டு," என்று உடுப்பு மடிக்கத் தொடங்கினாள்.

பிழை தன் கையில் இல்லை, பழைய பட்டரில்தான் என்று ஸஹீத் தீர்ப்பு எழுதினான். கொழும்பிலிருந்து மூன்று எடுப்பித்துக் கட்டிலில் பரப்பி, இரண்டு நாள் அமுக்கி அமுக்கிப் பார்த்தான்.

"என்ன, மாம்பழமா பாக்கிறீங்க?" என்றாள் றாஹிலா.

கடைசியில் நிறத்தைப் பார்த்துச் செம்மஞ்சளை எடுத்தான். அதுவோ புது மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. கையில் வழுக்கியது, சங்கிலியில் பட்டால் தெறித்து வெளியே பாய்ந்தது.

பழக்க வேண்டும். முதல் நாள் எறியிலேயே மாமியின் சட்டி போனது. காலையில் ஐம்பது தரம் தென்னையில் அடித்தான், ஓரத்தைக் கிணற்றுக்கட்டுச் சீமெந்தில் தேய்த்தான். நாலாம் நாள் அதிசயம்! பட்டர் இளகி, விரலுக்குள் ஒட்டிக்கொண்டு வந்தது.

"பாத்தியா? என்ட கை பட்டா எந்தப் பட்டரும் இளகும்."

"ஓம், ஓம்," என்று றாஹிலா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரேயொரு இடைஞ்சல். பின்னேரம் அஸர் தொழப் போகும்போது அலுமாரிக்கு மேல் இருக்கும் பட்டர், பள்ளியால் வந்து பார்த்தால் இருக்காது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில், ஓரமெல்லாம் மணலாக, புதுக் கீறல்களோடு வந்து கிடக்கும்.

ஒருநாள் படலையைத் திறக்கும்போது முற்றத்தில் சலங்கென்று சத்தம் கேட்டது.

"என்ன சத்தம் றாஹிலா?"

"ஆடு சங்கிலிய இழுக்குது எண்டு சொல்லு புள்ள," மாமியின் குரல் குசினிக்குள்ளிருந்து வந்தது.

ஆடு தன்னைக் கட்டியிருந்த கயிற்றை மென்றபடி ஸஹீதைப் பார்த்தது.

அவனுக்கு விசயம் விளங்கிவிட்டது. சட்டிக்குப் பழிவாங்கல்! தான் உயிரைக் கொடுத்துப் பழக்கும் பட்டரைப் புதுச் சட்டிக்கு மூடியாகப் போட்டு, மணல் தேய்த்துக் கழுவி வைக்கிறார் மாமி. வேறென்ன?

வியாழக்கிழமை அஸருக்குப் போனவன் அலுமாரிச் சாவியை மறந்துவிட்டு வந்ததாகத் தனக்குத்தானே ஒரு பொய் சொல்லிக்கொண்டு பாதி வழியில் திரும்பினான். முற்றத்திலிருந்து மாமி வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. முந்தானையால் பட்டரின் மணலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. ஏழு வருச மரியாதையை எச்சிலோடு விழுங்கிக்கொண்டு, ஸஹீத் வாயைத் திறந்தான்.

"மாமி, நாளைக்கு எனக்கு மேச். இதிலயும் விட்டா அஸ்கி என்னைக் கழிச்சிருவான், ஊர் சிரிக்கும். நீங்க இதை வச்சு என்னதான் செய்றீங்க? நேரே சொல்லுங்க."

மாமி மகளைத் தேடினார். றாஹிலா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். முக்காட்டைச் சரிசெய்து, பட்டரை அவன் கையில் வைத்து, முதன்முதலாக அவன் முகத்தைப் பார்த்தார்.

"அஸ்கி நாளைக்கு உங்களுக்குப் பதிலா என்னைத்தான் இறங்கச் சொல்றான் மருமகன், நான்தான் பாவமெண்டு உங்கள விட்டு வச்சிருக்கன்."