சிக்னல் மரம்

யோகராஜ் இருமி இருமிக் கண்மூடி மாதம் ஒன்றாகிறது. ஆன்லைனில் எங்கெங்கே கணக்கு வைத்திருந்தார் என்று மனைவி சுதாராணியிடம்கூடச் சொன்னதில்லை. திண்டுக்கல்லில் இருக்கும் மகள் தாரணிதான் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஓடிபி அவருடைய போனுக்குத்தான் வரும்.

மலைக்கிராமமான கவுஞ்சியில் அவர்கள் வீட்டில் டவர் எடுக்காது. அவர் செய்தது போலவே சுதாராணியும் போனை மஞ்சப்பையில் போட்டு, மேல்காட்டு யூகலிப்டஸ் கிளையில் தொங்கவிட்டிருந்தாள். மகள் சொல்லும் நேரத்துக்கு ஏறிப்போய் எடுப்பாள். இன்று முழங்கால் வலியில் நேரமாகிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது போன் அடித்தது.

"அம்மா, ஓடிபி சரியா இருந்துச்சு. இப்ப எடுத்துச் சொன்னது யாரும்மா? காத்துல குரலே புடிபடல. பாவம், ஒரே இருமலு. 'பாப்பா, குறிச்சுக்க'ன்னாரு."

சுதாராணி சுற்றிலும் பார்த்தாள். பூண்டுக்காட்டில் பனி இறங்கியிருந்தது. ஆள் யாருமில்லை.

"இன்னும் ஒன்னு இருக்கு. அங்கனயே நில்லும்மா."

"என்னால நிக்க முடியலடி. போன வச்சுட்டுப் போறேன். நீ அடி, எடுப்பாரு."

தலையில் கட்டியிருந்த அவருடைய மப்ளரை அவிழ்த்துப் பையோடு கிளையில் போட்டுவிட்டு இறங்கினாள். பாதி வழியில் மேலே போன் அடித்தது. இரண்டாவது மணியில் யாரோ எடுத்தார்கள்.

இருமல் முன்னைக்குக் கொஞ்சம் அடங்கியிருந்தது.