மூடி போட்ட வாளி

மூடியைத் திறந்த வேகத்திலேயே படாரென்று மூடிவிட்டு, மூக்கைப் பிடித்தபடி குளியலறையிலிருந்து ஓடி வந்தாள் மகள். அதற்குள் நாற்றம் அவளை முந்திக்கொண்டு வந்து, பல நாள் தங்கப்போகிற விருந்தாளி மாதிரி கூடத்தின் நடுவில் சட்டமாக உட்கார்ந்துவிட்டது.

"சீ! என்னப்பா கண்றாவி அது?"

"உன் தம்பி பொண்டாட்டியோட இயற்கை வளர்ப்பு," என்றார் இன்ஸ்பெக்டர். "குழந்தைக்கு டயப்பர் போட்டா பூமிக்கு ஆகாதாம். துணிதான் கட்டணுமாம். பூமி பிழைச்சுக்கும். நாமதான் மூச்சு முட்டிப் போய்ச் சேரணும்."

இன்ஸ்பெக்டர் என்றால் போலீஸ் இல்லை, ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர். ஓட்டல் சமையலறையில் ஒரு கரப்பான் மீசையை ஆட்டினால் போதும், "இதுக்கு யார் பொறுப்பு?" என்று கூரை அதிரக் கத்துவார். யாராவது கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து "நான்தான் சார்" என்று சொல்கிறவரை நகரமாட்டார்.

அப்பேர்ப்பட்ட மூக்குக்கு இப்படி ஒரு கதி. சோபா சும்மா கிடக்க, ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து ஜன்னலோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலிதான் அவருக்குச் சிம்மாசனம். அங்கிருந்தபடியே வீட்டை நாறடிக்கும் மருமகளை வாயால் வறுத்துக்கொண்டிருப்பார்.

குழந்தையை இடுப்பில் இடுக்கியபடி மருமகள் வந்தாள். "உட்காருங்க அண்ணி, காபி போடுறேன்."

"காபியா? இந்த நாத்தத்துலயா? உள்ள போற வேகத்துலயே வெளிய வந்துடும்." மகள் பால்கனிப் பக்கம் கையை நீட்டினாள். "கொடி முழுக்கக் கிழிஞ்ச போர்வைத் துண்டு. அதுல மஞ்சள் மஞ்சளாக் கறை. மாடி ஏறும்போதே கீழ் வீட்டம்மா என்னைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறாங்க. நானா போய்வச்சேன்?"

"வெயில் பட்டா கறை போயிடும் அண்ணி. அந்தப் பிளாஸ்டிக் நாம போய்ச் சேர்ந்த பிறகும் மக்காம கிடக்கும்."

"பேச்சைப் பாரு! நான் சீல் வச்ச சாக்கடைகூட இப்படி நாறலை," என்று எடுத்துக் கொடுத்தார் இன்ஸ்பெக்டர். "சாப்பிட உட்கார்ந்தா தட்டுல அந்த வாடை. படுத்தா தலையணையில அந்த வாடை."

"நானும் ரெண்டு பெத்தவதான். பச்சைக் குழந்தைத் துணி இப்படியா வீசும்? எத்தனை நாளாத் துவைக்காம போட்டிருக்கே?"

"காலையில ஊறப் போட்டதுதான் அண்ணி."

"பொய் வேறயா?" மகள் எட்டி, பிடுங்காத குறையாகக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கவுனுக்குள் ஏதோ சரசரக்க, குழந்தை நெளிந்து வீறிட்டது. "தம்பி கப்பல்லேர்ந்து இறங்கி வர்ற வரைக்கும் குட்டி என் வீட்டுல இருக்கட்டும். இந்த நரகத்துல வேண்டாம்."

மருமகளின் முகம் வெளுத்துப் போயிற்று. "ஐயோ, வேண்டாம் அண்ணி! இன்னும் தாய்ப்பால்தான் குடிக்குது. இனிமே நாறாம பார்த்துக்கிறேன்."

"சரி. அந்தத் துணியை எல்லாம் இப்பவே குப்பையில போடு. இனிமே டயப்பர்தான்னு ஒரு வார்த்தை சொல்லு. குட்டியை உன் கையில கொடுத்துட்டு நான் பாட்டுக்குப் போயிடுறேன்."

தலையை ஆட்டினால் முடிந்தது விஷயம். மருமகள் ஆட்டவில்லை.

"துணியைப் போட முடியாது அண்ணி," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஜன்னலோரத்தில் இன்ஸ்பெக்டர் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"குழந்தையைவிட உனக்கு அந்த நாத்தம் உசத்தியா? நீயெல்லாம் ஒரு தாயா?" மகளுக்குக் கோபம் தலைக்கேறியது. அழுகிற குழந்தையோடு குளியலறைக்குள் போனவள், ஒற்றைக் கையால் வாளியைக் கரகரவென்று இழுத்து வந்து கூடத்தின் நடுவில் நிறுத்தினாள்.

மூடி நழுவி உருண்டது. பழுப்புத் தண்ணீர் தளும்பித் தரையில் வழிந்தது. அதில் ஒரு துணி பாதி மூழ்கி, பாதி மிதந்து, ஓரமெல்லாம் கொழகொழவென்று நுரைத்துக் கிடந்தது. எங்கிருந்தோ ஒரு ஈ தகவல் கிடைத்து வந்து அதன்மேல் உட்கார்ந்தது.

அப்பாவின் அதே குரலில், கூரை அதிரக் கத்தினாள் மகள்.

"சொல்லு, இதுக்கு யார் பொறுப்பு?"

"நான்தான் அண்ணி..." என்று மருமகள் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரும்மா."

நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து மெல்ல எழுந்தார் இன்ஸ்பெக்டர். வாளிக்கு முன்னால் வந்து, அந்தக் காலத்து ஓட்டல்காரர்களைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகளின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"நான்தாம்மா. அந்தத் துணியெல்லாம் நான் கட்டிக்கிறது."