நூறு உதை

"எழுந்திருக்க முடியலையா, எழுந்திருக்க மனசில்லையா?" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"ரெண்டும் இல்ல. இதுல எந்தக் கால் என்னோடதுன்னே தெரியல," என்றார் சாவிக்காரர், கூடத்துத் தரையில் மல்லாந்தபடி.

சுவரில் சாய்த்து வைத்த செல்போனுக்குள் உடற்பயிற்சி சொல்லித்தரும் ஒரு பெண் துள்ளிக்கொண்டிருந்தாள். 'இன்னும் கொஞ்சம்தான்!' என்று அவள் பல்லைக் காட்டினால், குறைந்தது ஒரு யுகம் பாக்கியிருக்கிறது என்று பொருள். சாவிக்காரர் சேர்ந்து குதித்தால் கீழ்வீட்டு மின்விசிறி கரண்ட் இல்லாமலே சுற்றுகிறது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

காலையில் இந்தக் கூத்து. பகல் முழுக்கக் கடையில் குனிந்து உட்கார்ந்து சாவி அராவுகிற வேலை. சாயங்காலமானால் கராத்தே வகுப்பு. உடம்பில் வலிக்காத இடம் என்று பார்த்தால் மூக்கு நுனி மட்டும்தான் மிச்சம். தும்மல் வந்தால்கூட விலா எலும்பிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் தும்ம வேண்டியிருந்தது.

"ரெண்டுல ஒண்ணை விட்டுத் தொலைங்களேன்," என்று தைலப் புட்டியோடு வந்து உட்கார்ந்தாள் மனைவி.

"எதை விடச் சொல்ற? இங்க குதிக்கலேன்னா அங்க மூச்சு வாங்கும். எல்லார் முன்னாடியும் மூச்சு வாங்கினா, பாவம் வயசாயிடுச்சுன்னு ஓரமா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வெச்சிடுவாங்க. ஒருதடவை உட்கார்ந்தேன்னா அவ்வளவுதான். அப்புறம் அந்த நாற்காலியோட சேர்த்துத்தான் என்னைத் தூக்கணும்."

"அப்ப அந்த மாஸ்டர்கிட்டச் சொல்லி, தினம் நூறு உதைங்கிறதைக் குறைக்கச் சொல்லுங்க. ஆளுக்கு அம்பது போதாதா?"

"அந்த ஆளா? வீம்பு புடிச்சவன். உனக்குத் தெரியாததா?"

"தெரியாம என்ன! நம்ம கல்யாணத்தன்னைக்கே பார்த்தேனே அந்த வீம்பை." அவள் முட்டியில் தைலத்தை அழுத்தித் தேய்த்தாள். சாவிக்காரர் போட்ட கூச்சலில் செல்போன் பெண்ணே ஒரு நொடி குதிப்பதை நிறுத்தின மாதிரி இருந்தது. "டாக்டர் என்ன சொன்னார்? இந்த முட்டி போச்சுன்னா வகுப்பும் கிடையாது, கடையும் கிடையாது. இன்னைக்கு நீங்க சொல்லலேன்னா, நானே அங்க வந்து எல்லார் முன்னாடியும் சொல்லிடுவேன்."

"ஐயோ, மானத்தை வாங்காதே. இன்னைக்கு அவனை நேருக்கு நேர் பார்த்து, அம்பது போதும்னு சொல்லிடுறேன். போதுமா?"

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

சாயங்காலம். வகுப்பு ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே, மாடியில். அந்தப் படிக்கட்டைக் கட்டியவன் தன் மாமியாரை நினைத்துக்கொண்டுதான் கட்டியிருக்க வேண்டும், அத்தனை செங்குத்து. பாதி ஏறிய சாவிக்காரர் பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மடிப்புக் கலையாத புது வெள்ளை உடுப்பில் ஒரு பெண் ஏறி வந்தாள். அவளும் பாதியில் நின்று கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்களும் வகுப்புக்கா சார்?"

"ஆமாம்மா. கால் பின்னாடி வந்துட்டிருக்கு, அது வரட்டும்னு உட்கார்ந்திருக்கேன்."

"நான் இன்னைக்குத்தான் சேர்றேன். பாங்க்ல காசாளர். ஆமா, மாஸ்டர் எப்படி? கோபக்காரரா?"

"கோபமெல்லாம் கிடையாது. இரக்கமும் கிடையாது. முட்டி கையெடுத்துக் கும்பிட்டாலும் கேட்க மாட்டான். நூறு உதைன்னா நூறுதான்."

"அப்படித்தான் நானும் கேள்விப்பட்டேன். அதான் முன்கூட்டியே வீட்டுல வீடியோ போட்டுக் குதிச்சுக்கிட்டிருக்கேன். உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

"எப்பப் பார்த்தாலும் பல்லைக் காட்டுமே ஒரு பொண்ணு, அதுவா?"

"அவளேதான்! இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்னே உயிரை வாங்குறா!"

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். உடனே, இருவருமே விலாவைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார்கள்.

"உங்களுக்கு எதுக்கு சார் இந்தக் கஷ்டம்? மாஸ்டர்கிட்டப் பக்குவமா சொல்லிப் பாருங்களேன்."

"சொல்லத்தாம்மா போறேன். தைரியமும் காலோட சேர்ந்து பின்னாடி வந்துட்டிருக்கு."

"நான் கூட இருக்கேன், வாங்க," என்று கை கொடுத்தாள். யார் யாரை இழுத்தார்கள் என்று சொல்ல முடியாது. எப்படியோ இருவரும் மேலே வந்து சேர்ந்தார்கள்.

உள்ளே பல் டாக்டர், கூரியர்காரர், பஸ் கண்டக்டர் என்று எல்லாரும் ஆணி அடித்த மாதிரி வரிசையில் நின்றார்கள். ஒரு முகத்திலாவது களைப்பு இருக்க வேண்டுமே! ஓரத்து நாற்காலி சாவிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மாஸ்டர் எங்க சார்?" என்று கிசுகிசுத்தாள் காசாளர்.

அதற்குள் வரிசை மொத்தமும் சாவிக்காரரைப் பார்த்துக் குனிந்தது. "வணக்கம், மாஸ்டர்!"

காசாளரின் கையிலிருந்த பை தொப்பென்று விழுந்தது.

சாவிக்காரர் எதிர்ச்சுவர்க் கண்ணாடிக்குள் நின்ற அந்த வீம்பு பிடித்தவனை நேருக்கு நேர் பார்த்தார். பையிலிருந்த கறுப்பு பெல்ட்டை எடுத்து இடுப்பில் கட்டினார். நாற்காலி வருவது வரட்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இன்னைக்கு... அம்பது போதும்."

தொப், தொப் என்று சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தால், வரிசையில் ஒருவர் பாக்கியில்லாமல் தரையில் மல்லாந்து கிடந்தார்கள்.

"நல்லா இருப்பீங்க மாஸ்டர்," என்று முனகினார் பல் டாக்டர். "உங்களுக்கு ஈடு கொடுக்கலேன்னா ஓரமா உட்கார வெச்சிடுவீங்களோன்னு பயந்துதான், நாங்க எல்லாருமே தினம் காலையில அந்தப் பல்லைக் காட்டுற பொண்ணோட குதிச்சிட்டு வர்றோம்!"